குளிசைக்கு மசியாத இரத்தம்

கிளினிக்கில் என்னிடம் கேட்கப்படும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றாகவே இருந்தது.

“குளிசை ஒழுங்காப் போடுறீங்களோ?”

கிட்டத்தட்ட ஒரு வருஷம் அதற்கு “ஓம்” என்றுதான் பதில் சொன்னேன். அது உண்மை, ஒரு நாள் மருந்தும் தவறவிட்டதில்லை. ஒருவரும் நம்பவில்லை. நம்பாதவர்களைக் குறை சொல்லவும் முடியாது. என் இரத்தமே எனக்கு எதிராகச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது. இப்போது சுகமாகி வேலைக்குத் திரும்பிவிட்டேன். என்னைப் போல இன்னொருவரும் எங்காவது ஒரு கிளினிக்கின் நீள வாங்கில் உட்கார்ந்து இதே கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கலாம் என்பதால் நடந்ததை எழுதி வைக்கிறேன்.

என் பெயர் தவமலர். ஓமந்தைக்குப் பக்கத்தில் கூட்டுறவுச் சங்கக்கடையில் விற்பனையாளராக இருக்கிறேன். என் கணவர் நகுலேஸ் குளத்துக்குக் கீழே நெல் விதைக்கிறார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதற்கு என் பழுதுபட்ட இதயம்தான் காரணம். இந்த இதயத்தோடு பிள்ளை சுமக்கக் கூடாது என்று கல்யாணம் முடித்த புதிதிலேயே டொக்டர் சொல்லிவிட்டார்.

நான் வளர்ந்தது கிளிநொச்சிப் பக்கத்தில். அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேற்றத் திட்டத்தில் காணி எடுத்தவர். எனக்குப் பன்னிரண்டு வயதாக இருக்கும்போது தொண்டை நோவோடு காய்ச்சல் வந்தது. பிறகு முழங்கால்கள் வீங்கின. வாதக் காய்ச்சல் என்றார்கள். மாதத்துக்கு ஒரு பெனிசிலின் ஊசி வருஷக்கணக்கில் போட வேண்டும் என்றார்கள். சண்டையால் நாங்கள் ஒவ்வோரிடமாக இடம்பெயர்ந்துகொண்டிருந்த காலம் அது. ஊசி எங்கோ ஓரிடத்தில் நின்றுபோனது. காய்ச்சல் மூட்டுகளை விட்டுப் போய்விட்டது, ஆனால் போகிற போக்கில் இதயத்தின் வால்வு ஒன்றைச் சுருக்கிவிட்டிருந்தது. அது தெரியவந்ததே, கல்யாணம் முடித்த புதிதில் கடைக்குக் கோதுமை மா மூட்டை இறக்கி, மூச்சு வாங்கி நிலத்தில் உட்கார்ந்த நாளில்தான்.

சத்திரசிகிச்சைக்கு இரண்டு முறை நாள் தந்தார்கள். இரண்டு முறையும் மாட்டேன் என்றேன். நெஞ்செலும்பை அறுப்பார்கள் என்பதைக் கேட்டதிலிருந்து எனக்குப் பயம். மூன்றாம் முறை என் தங்கை வதனி கிளிநொச்சியிலிருந்து வந்து, என் உடுப்புகளைத் தானே பையில் அடுக்கி, “நீ வராட்டி நான் உன்னைத் தூக்கிக்கொண்டு போவன்” என்றாள். கொழும்புக்குப் போனேன். பழுதான வால்வை எடுத்துவிட்டு உலோக வால்வு ஒன்றைப் பொருத்தினார்கள். அது ஒவ்வொரு துடிப்புக்கும் சின்னதாக ‘டிக்’ என்று சத்தம் போடும். அறை அமைதியாக இருந்தால் பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்கும்.

உலோக வால்வில் ஒரு கரைச்சல் இருக்கிறது. இரத்தம் அதைத் தன்னுடையதாக ஏற்றுக்கொள்வதில்லை. அதன் மேல் உறைந்து கட்டியாகப் பார்க்கும். கட்டி உடைந்து மூளைக்குப் போனால் பாரிசவாதம், கை கால் இழுத்துவிடும். அதைத் தடுக்க உயிருள்ளவரை வார்ஃபரின் என்ற குளிசை போட வேண்டும். இரத்தம் லேசில் உறையாமல் அது பார்த்துக்கொள்ளும். அளவு கூடினால் உள்ளே இரத்தம் கசியும், குறைந்தால் கட்டி வரும். சரியான அளவு எது என்பதைச் சொல்ல ஓர் இரத்தப் பரிசோதனை உண்டு. ஐ.என்.ஆர். என்பார்கள். சாதாரண ஆளுக்கு அந்த எண் ஒன்று. எனக்கு இரண்டரைக்கும் மூன்றரைக்கும் இடையில் இருக்க வேண்டும்.

கொழும்பில் அது இரண்டைத் தாண்டியதும் வீட்டுக்கு விட்டார்கள். ஊர் வந்து சேர்ந்து, பசி எடுத்து, ஒழுங்காகச் சாப்பிடத் தொடங்கிய பிறகு எண் இறங்கியது. ஒன்றரைக்கும் கீழே: ஒன்று தசம் மூன்று, ஒன்று தசம் இரண்டு, மறுபடியும் ஒன்று தசம் மூன்று. குளிசையின் அளவைக் கூட்டினார்கள். எண் அசையவில்லை.

எங்கள் மாவட்டத்துப் பெரிய ஆஸ்பத்திரியின் கிளினிக்குக்கு விடியவே பஸ் ஏற வேண்டும். முதலில் இரத்தம் கொடுத்துவிட்டு, முடிவு வரும்வரை வாங்கில் இருக்க வேண்டும். அங்கே எல்லோரும் எண்ணைப் பற்றித்தான் கதைப்பார்கள். “உங்களுக்கு எத்தினை?” “எனக்கு ரெண்டு தசம் எட்டு.” பரீட்சையில் நல்ல பெறுபேறு எடுத்த பிள்ளைகளைப் போல இருப்பார்கள். நான் என்னுடையதைச் சொல்வதில்லை.

கீரை சாப்பிடுகிறேனா என்று கேட்டார்கள். கீரையில் விட்டமின் கே அதிகம், அது குளிசைக்கு எதிராக வேலை செய்யும் என்றார்கள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் முருங்கை இலை, வல்லாரை, பொன்னாங்காணி எல்லாம் நின்றன. பச்சைக் காய்கறி என்று கோவாவும் போஞ்சியும்கூட நின்றன. நகுலேஸ் எனக்காகத் தானும் விட்டுவிட்டார். கத்தரிக்காயும் பூசணியும் பருப்புமாகச் சமைத்தேன். எண் ஒன்று தசம் மூன்று.

ஒரு நாள் கிளினிக் டொக்டர் கணவரைத் தனியாகக் கூப்பிட்டுக் கதைத்தார். வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்துவிட்டுத்தான் நகுலேஸ் கேட்டார்.

“உண்மையைச் சொல்லு. குளிசையைப் போடுறனியோ, இல்லையோ?”

“போடுறன்.”

“ரெண்டு தரம் ஒப்பரேஷன் வேண்டாம் எண்டனி. அதான் கேக்கிறன்.”

“அதுக்கும் இதுக்கும் என்ன? போடுறன் எண்டு சொல்லுறன்தானே.”

அன்றிலிருந்து பின்னேரம் ஆறு மணிக்கு நான் குளிசை போடும்போது அவர் முன்னால் வந்து நின்றார். ஒரு நாள், “வாயைத் திற” என்றார். திறந்தேன். கோபத்தில் கண்ணீர் வந்துவிட்டது. அவர் முகமும் நன்றாக இருக்கவில்லை. அடுத்த பரிசோதனையில் எண் ஒன்று தசம் நாலு.

அதற்குப் பிறகு ஒரு காலை, கிணற்றடிக்குப் போனவள் வேலிப் பக்கம் அவரைக் கண்டேன். தடியொன்றால் குப்பைக் கிடங்கைக் கிளறிக்கொண்டிருந்தார். வெங்காயத் தோலையும் தேங்காய்ப்பூச் சக்கையையும் விலக்கி விலக்கிப் பார்த்தார். நான் துப்பிய குளிசையைத் தேடுகிறார் என்று விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. சத்தம் போடாமல் திரும்பி வந்து அடுப்பை மூட்டினேன்.

பிறகு அந்த நாள் வந்தது. கடையில் சனம் இருந்தது. வயதான ஒருவர் ஒரு கிலோ சீனி கேட்டார். நான் பையை எடுத்துத் தராசில் வைக்கப் போனேன். வலது கையில் பை இல்லை. எப்போது விழுந்தது என்று தெரியவில்லை. கையைப் பார்த்தேன், அது என்னுடைய கையைப் போலவே இருக்கவில்லை. “பிள்ளை, என்ன செய்யுது?” என்று அந்த ஐயா கேட்டார். ஒன்றுமில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்ல வேண்டியது எனக்குத் தெரியும். வாயிலிருந்து வந்தது வேறு ஏதோ சத்தம்.

அந்த நேரத்துப் பயத்தை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. நோவு இல்லை. மயக்கம் இல்லை. எல்லாம் விளங்குகிறது, ஒன்றும் சொல்ல முடியவில்லை. யாரோ அம்புலன்ஸுக்குக் கோல் எடுத்தார்கள், யாரோ வயலுக்கு ஓடினார்கள். அம்புலன்ஸ் ஏ-ஒன்பது வீதியில் போய்க்கொண்டிருக்கும்போதே கைக்கு மெல்ல மெல்ல உணர்வு திரும்பியது. ஆஸ்பத்திரி வாசலில் வைத்துத்தான் முதல் சொல் வந்தது. “தண்ணி” என்றேன். நகுலேஸ் என் காலடியில் உட்கார்ந்து அழுதார்.

தலைக்கு ஸ்கான் எடுத்தார்கள். பெரிய பாதிப்பு இல்லை, சின்னக் கட்டி ஒன்று மூளைக்குப் போய்த் தானாகக் கரைந்திருக்கிறது என்றார்கள். பிறகு எக்கோ. நெஞ்சில் பசை பூசி ஒரு கருவியை வைத்து அழுத்தி, இதயத்தைத் திரையில் பார்க்கும் பரிசோதனை அது. வால்வின் ஓரத்தில் இன்னொரு கட்டி இருந்தது. ஐ.என்.ஆர். ஒன்று தசம் இரண்டு.

“குளிசையை விட்டிட்டா இப்பிடித்தான் வரும், அம்மா,” என்றா என்னைப் படுக்கவைத்த வாட்டின் இளம் டொக்டர். பெண்பிள்ளை, முல்லைத்தீவுப் பக்கத்துப் பேச்சு. “இது உங்கட உயிர். நாங்கள் எத்தினை தரம் சொல்லுறது?”

“நான் போட்டனான்.”

“மனுசி போட்டவா, டொக்டர். நான் முன்னால நிண்டு பாத்தனான்,” என்றார் நகுலேஸ்.

“வீட்டுக்காரர் எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவினம், ஐயா.”

என் கையில் சேலைன் ஊசி குத்தி, அதன் வழியாக ஹெபரின் என்ற மருந்தை விட்டார்கள். அதுவும் இரத்தம் உறையாமல் தடுப்பதுதான், ஆனால் வேறு வழியால் வேலை செய்வது. அது என் உடம்பில் வேலை செய்தது. கட்டி பெரிதாகாமல் அதுதான் என்னைக் காப்பாற்றியது. ஆனால் ஆயுள் முழுக்கச் சேலைனில் தொங்க முடியாதே.

என் பக்கத்துக் கட்டிலில் பரீதாக்கா இருந்தா. முல்லைத்தீவில் துணிக்கடை வைத்திருப்பவா. புத்தளத்தில் பல வருஷம் அகதியாக இருந்துவிட்டுத் திரும்பி வந்த குடும்பம். முழங்காலில் சத்திரசிகிச்சை செய்த பிறகு காலின் பெரிய நரம்பில் இரத்தம் கட்டிவிட்டதாம். அவாவுக்கும் கொடுத்தது வார்ஃபரின்தான். எல்லோருக்கும் கொடுக்கும் சாதாரண அளவு. ஒரு கிழமையில், ஏழே நாளில், பல் முரசிலிருந்து இரத்தம். பிறகு கையெல்லாம் அடிபட்டதுபோல நாவற்பழ நிறத்தில் கண்டல். பிறகு சிறுநீர் சிவந்தது. அவாவுடைய எண் ஒன்பதைத் தாண்டியிருந்தது. குளிசையை நிறுத்தி, அளவைக் குறைத்துப் பார்த்தார்கள். அரைக் குளிசைக்கே மறுபடியும் இரத்தம் வந்தது.

“உங்களை, அளவுக்கு மிஞ்சிப் போடுறீங்கள் எண்டினமோ?” என்று கேட்டேன்.

“ஓம். மறதியில ரெண்டு தரம் போட்டிருப்பீங்கள் எண்டினம். எனக்கு என்ன மறதி? கடையில உள்ள சாறி அவ்வளவின்ர விலையும் சொல்லுவன்.” பிறகு என் கட்டில் பக்கம் சரிந்து காது கொடுத்தா. “அது என்ன தங்கச்சி, உன்ர நெஞ்சுக்குள்ள மணிக்கூடோ?”

வால்வைப் பற்றிச் சொன்னேன். என் எண்ணையும் சொன்னேன். யாரிடமும் நானாகச் சொன்னது அதுதான் முதல் முறை. பரீதாக்கா கடைக் கணக்குப் போல விரல் மடக்கி எண்ணினா.

“என்னட்டயிருந்து கொஞ்சம் எடுவன் எண்டு சொல்லலாம் போல இருக்கு. எனக்கு மிஞ்சிக் கிடக்கு, உனக்குக் காணாமக் கிடக்கு. நடுவில நிண்டு பங்கு பிரிக்க ஆளில்லை.”

இருவரும் சிரித்தோம். சிரித்ததில் அவாவின் முரசில் இரத்தம் வந்துவிட்டது. தாதி வந்து இருவரையும் ஏசினா.

வதனி ஒவ்வொரு நாளும் பின்னேரம் கிளிநொச்சியிலிருந்து சோறு கொண்டு வருவாள். பஸ்ஸில் நின்றபடி வரும் நாட்களில் பாத்திரத்தை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு வருவாள். கீரை இல்லாத கறிகள். ஒரு நாள் எனக்குச் சோறு குழைத்துத் தந்துகொண்டே மெதுவாகச் சொன்னாள், “அக்கா, பயத்தில விட்டிருந்தாச் சொல்லு. நான் ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன்.” அவளும் நம்பவில்லை. நான் மிச்சச் சோற்றைச் சாப்பிடாமல் மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தேன். அவள் பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டு, என் கால்களைத் தடவிவிட்டுப் போனாள். அடுத்த நாளும் வந்தாள்.

அந்த வாட்டில் குளிசை போடுவதே ஒரு சடங்காகிவிட்டது. தாதி குளிசைகளைத் தன் கையாலேயே என் வாயில் போடுவா. நான் விழுங்குவேன். “வாயைத் திறவுங்கோ. நாக்கைத் தூக்குங்கோ.” பிறகு ஒரு மணித்தியாலம் கழிப்பறைக்குப் போகக் கூடாது. பக்கத்துக் கட்டில்காரர் எல்லாம் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ என்னால் தாங்க முடியவில்லை.

“மிஸ், நான் ஏன் பொய் சொல்லப் போறன்? செத்தா நான்தானே சாகப் போறன்? உங்களுக்குப் பொய் சொல்லி எனக்கு என்ன கிடைக்கும்?”

சத்தமாகத்தான் சொல்லிவிட்டேன். அந்த இளம் டொக்டர் எதிர்க் கட்டிலில் ஒருவருக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தவா, நிமிர்ந்து என்னைப் பார்த்தா. அன்று பின்னேரம் வந்து என் கட்டிலில், காலடிப் பக்கம் உட்கார்ந்தா. டொக்டர்மார் உட்காருவதில்லை. முதல் நாளிலிருந்து எல்லாவற்றையும் சொல்லச் சொன்னா. கொழும்பில் மட்டும் எண் ஏன் ஏறியது என்று கேட்டா. அப்போது நான் சாப்பிடவேயில்லை, கஞ்சித் தண்ணிதான் என்றேன். அவா தலையாட்டிக்கொண்டே போய்விட்டா.

வாட்டில் எல்லோர் கண்ணுக்கும் முன்னால் விழுங்கிய பிறகும் எண் ஒன்று தசம் நாலைத் தாண்டவில்லை. அப்போதுதான் அவா பெரிய டொக்டரிடம் கேட்டு என் இரத்தத்தைக் கொழும்புக்கு அனுப்பியிருக்கிறா. இந்த முறை உறையும் நேரத்தை அளக்க அல்ல, வார்ஃபரின் என் இரத்தத்துக்குள் எவ்வளவு இருக்கிறது என்று அளக்க. அந்த முடிவு வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மழை பெய்து வாட்டுக்குள் தூவானம் அடித்தது. பெரிய டொக்டர் சிங்களவர், தெற்கிலிருந்து மாற்றலாகி வந்தவர், தமிழ் கொஞ்சம் பேசுவார். நேராக என் கட்டிலுக்கு வந்தார்.

“அம்மா, உங்கட ரத்தத்தில மருந்து நிறைய இருக்கு. நீங்க குளிசை போட்டது. நாங்க நினைச்சது பிழை.” பிறகு ஒரு நிமிஷம் தமிழ்ச் சொல்லைத் தேடினார். “மன்னிக்க வேணும்.”

நான் அழவில்லை. சேலைன் குத்தாத கையால் கட்டில் சட்டத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். நகுலேஸ்தான் எழுந்து வெளியே போனார். மழையில் நனைந்துவிட்டுத் திரும்பி வந்தார்.

பிறகு பெரிய டொக்டர் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் சொல்லச் சொல்ல, இளம் டொக்டர் எங்களுக்குத் தமிழில் விளக்கினா. எனக்கு விளங்கிய விதத்தில் சொல்கிறேன்.

இரத்தம் உறைய சில புரதங்கள் வேண்டும். அந்தப் புரதங்களை ஈரல் செய்யும்போது விட்டமின் கே வேண்டும். ஒருமுறை பாவித்ததும் அந்த விட்டமின் வெறுமையாகிவிடும். எங்கள் கடைக்குச் சோடா வரும், போத்தல் வெறுமையானதும் கம்பனிக்குத் திரும்பிப் போய் மறுபடி நிரம்பி வரும். அதைப் போலத்தான். வெறும் விட்டமினை மறுபடி நிரப்ப உடம்பில் ஒரு நொதியம் இருக்கிறது. அந்த நொதியத்தை எப்படிச் செய்ய வேண்டும் என்பது ஒரு மரபணுவில் எழுதியிருக்கிறது. வீ.கே.ஓ.ஆர்.சி. ஒன்று என்று அதற்குப் பெயர். வார்ஃபரின் செய்வது ஒரே வேலைதான்: போய் அந்த நொதியத்தைப் பிடித்துக்கொள்ளும். போத்தல் நிரம்பாது. புரதம் வேலை செய்யாது. இரத்தம் உறையத் தாமதிக்கும்.

“உங்களுக்கு அந்த மரபணுவில எங்கயோ ஒரு எழுத்து மாறியிருக்கலாம் எண்டு எங்கட பெரிய சேர் நினைக்கிறார்,” என்றா அவா. “நொதியம் வேலை செய்யுது. ஆனா அதின்ர வடிவம் கொஞ்சம் வேற. குளிசை போய்ப் பிடிக்கப் பாக்குது, பிடி வழுக்குது. கொழும்பில நீங்கள் சாப்பிடாம இருந்ததால விட்டமினே காணாமப் போயிருக்கும், அதுதான் அப்ப எண் ஏறினது.”

“அப்ப எனக்கு?” என்று பக்கத்துக் கட்டிலிலிருந்து பரீதாக்கா கேட்டா. யாரும் அவாவைச் சேர்த்துக்கொள்ளாவிட்டாலும் அவா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தா.

“உங்களுக்கு அதே மரபணு மற்ற மாதிரி இருக்கலாம், அம்மா. உங்கட உடம்பு அந்த நொதியத்தைக் குறைவாத்தான் செய்யுது போல. கொஞ்சக் குளிசையே எல்லாத்தையும் அமத்திப்போடுது.”

பெரிய டொக்டர் சிரித்தபடி இன்னொன்றும் சொன்னார். வார்ஃபரின் முதலில் எலிமருந்தாகத்தான் கடைக்கு வந்ததாம். வெளிநாடுகளில் சில இடங்களில் எலிகள் அதைத் தின்றுவிட்டுச் சாகாமல் திரிந்தனவாம். பிடித்துப் பார்த்தால், அவற்றுக்கும் இதே மரபணுவில் மாற்றம்.

“அப்ப என்ர மனுசி எலியோ, டொக்டர்?” என்றார் நகுலேஸ். வயலில் எலியோடு மல்லுக்கட்டுகிற மனுசன். அந்த வாட்டுக்கு வந்த பிறகு அவர் பகிடி விட்டது அன்றுதான்.

எல்லோரும் போன பிறகு அவர் என் பக்கத்தில் இருந்தார். சேலைன் துளி விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான் ஒருநாள் குப்பைக் கிடங்கைக் கிளறினனான்,” என்றார்.

“தெரியும்.”

“தெரியுமோ?”

“கண்டனான்.”

அவர் என் கையைப் பிடித்தார். நான் விலக்கவில்லை. அந்த விஷயம் எங்களுக்குள் அதோடு முடிந்தது.

அதற்குப் பிறகு அளவைக் கூட்டத் தொடங்கினார்கள். இது வீட்டில் செய்கிற வேலையில்லை. சரியான இடத்தைத் தாண்டினால் எனக்கும் பரீதாக்காவைப் போல இரத்தம் வரலாம். படிப்படியாகக் கூட்டி, இரண்டு நாளுக்கு ஒருமுறை இரத்தம் எடுத்தார்கள். இரண்டு கைகளிலும் நரம்புகள் ஒளித்துவிட்டன, புறங்கையில் குத்தினார்கள். இருபது மில்லிகிராமில் எண் ஒன்று தசம் ஏழு. இருபத்தைந்தில் இரண்டு தசம் ஒன்று. முப்பதில், அதாவது ஐந்து மில்லிகிராம் குளிசை ஆறில், இரண்டு தசம் எட்டு. இளம் டொக்டர் அந்த முடிவுத் துண்டைக் கையில் பிடித்தபடி வாட்டின் மறு கோடியிலிருந்து ஓடி வந்தா. பெரிய டொக்டர் மறுபடி எக்கோ செய்வித்தார். கட்டி சுருங்கியிருந்தது. அடுத்த கிழமை அது இருந்த இடம் தெரியவில்லை. ஹெபரினைக் கழற்றினார்கள்.

வீட்டுக்குப் போகும் நாளில் நகுலேஸ் மருந்து எடுக்கப் போய் வெறுங்கையோடு வந்தார். மருந்தகத்தில் இருந்தவர் கொடுக்க மறுத்துவிட்டாராம். “ஒரு நாளைக்கு ஆறு குளிசையோ? ஆரோ பிழையா எழுதிப்போட்டினம். இதைப் போட்டா ஆள் தப்பாது.” அவர் சொன்னதில் பிழையில்லை, வேறு யாராவது போட்டால் தப்பமாட்டார்கள்தான். பெரிய டொக்டர் தானே இறங்கிப் போய்ச் சொன்ன பிறகுதான் மருந்து கிடைத்தது.

பரீதாக்கா எனக்கு முதலே வீட்டுக்குப் போய்விட்டா. அவாவுக்கு ஒரு குளிசையின் பாதியைவிடவும் குறைவானதே போதுமானதாக இருந்தது. சில மாதங்களில் கால் சுகமாகி, குளிசையை நிறுத்தியும் விட்டார்கள். பெருநாளுக்கு எனக்கு ஒரு சாறி அனுப்பினா. விலைத்துண்டைக் கழற்றிவிட்டிருந்தா.

எங்கள் இருவரின் இரத்தமும் பெரிய டொக்டருக்குத் தெரிந்த ஒருவர் மூலமாக வெளிநாட்டு ஆய்வுகூடமொன்றுக்குப் போயிருந்தது. முடிவு வர மாதக்கணக்கானது. டொக்டர் நினைத்தது சரி. என் மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருந்தது. பரீதாக்காவிடம் இருந்தது இந்தப் பக்கத்துச் சனத்தில் பலருக்கும் உள்ள வகையாம், அவாவுக்கு அது இரண்டு பக்கத்தாலும் வந்திருந்தது. என்னுடையதுதான் அரிது. தாயிடமிருந்தோ தகப்பனிடமிருந்தோ எனக்கு வந்திருக்கும், கூடப் பிறந்தவர்களுக்கும் இருக்கலாம், பார்ப்பது நல்லது என்றார்கள். அதனால் ஒரு நோயும் வராது, இந்தக் குளிசை தேவைப்படும்வரை அது உடம்பில் இருப்பதே தெரியாது.

வதனி தன் இரத்தத்தைக் கொடுத்தாள். முடிவு வந்த அன்று தொலைபேசியில் அழைத்தாள்.

“அக்கா, எனக்கும் இருக்காம்.”

“அதுக்கென்ன, நீ சுகமாத்தானே இருக்கிறாய்.”

“அதில்லை,” என்றாள். “நான் உன்னட்ட அப்பிடிக் கேட்டிருக்கக் கூடாது.”

ஆஸ்பத்திரியில் எனக்குச் சோறு குழைத்துத் தந்தவளும் நீதானே என்றேன். அந்த வார இறுதியில் வந்து இரண்டு நாள் நின்றாள். முருங்கை இலை வறுத்தாள். நானும் சாப்பிட்டேன். கீரையை அடியோடு விடத் தேவையில்லை, ஒரு நாள் நிறைய, ஒரு நாள் இல்லை என்று இல்லாமல் ஒரே அளவாகச் சாப்பிட்டால் போதும் என்று டொக்டர் பிறகு சொல்லியிருந்தார்.

இப்போது கிளினிக்கில் என் எண்ணைக் கேட்டால் சொல்கிறேன். போன மாதம் வாங்கில் எனக்குப் பக்கத்தில் கொக்கிளாயிலிருந்து வந்த ஒருவர் இருந்தார். கடற்றொழில் செய்கிறவர், முப்பத்தைந்து வயதிருக்கும், அவருக்கும் உலோக வால்வு. உள்ளே போனவர் ஏச்சு வாங்கிக்கொண்டு வந்தார். வெளியில் வரைக்கும் கேட்டது. “ஒண்டு தசம் ஒண்டு! குளிசை போடுறீங்களோ, இல்லையோ?” அவர் முகத்தைப் பார்த்தேன். எழுந்து டொக்டரின் வாசலுக்கே போய்விட்டேன்.

“டொக்டர், அவர் சொல்லுறது உண்மையா இருக்கலாம். வாட்டில வைச்சுப் பாருங்கோ. எனக்கும் இப்பிடித்தான் நடந்தது.”

புதிய டொக்டர், என்னைத் தெரியாது. ஆனாலும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பார்க்கிறேன் என்றார்.

வெளியே வந்ததும் அந்தத் தம்பியை ஆஸ்பத்திரிக் கன்ரீனுக்குக் கூட்டிப்போய்ப் பால் விடாத பிளேன்ரீ வாங்கிக் கொடுத்தேன். என் கதையை முழுக்கச் சொன்னேன். மரபணு, எலி எல்லாம் சொன்னேன். அவர் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அக்கா,” என்றார் கடைசியில், “நான் உண்மையாவே போடுறேல்லை.”

என் கோப்பையை மேசையில் வைத்தேன்.

“தூண்டில் முள்ளு கிழிக்கும், வலை அறுக்கும். குளிசை போட்டா ரத்தம் நிக்காது எண்டு சொன்னவை. கடல்ல வைச்சு ரத்தம் போனா நான் என்ன செய்யிறது? அதான்.”

அது நியாயமான பயம். அதை அவர் டொக்டரிடம் சொல்லவில்லை, ஏனென்றால் யாரும் கேட்கவில்லை. போடுகிறாயா, இல்லையா என்றுதான் கேட்டார்கள், ஏன் என்று கேட்கவில்லை. எனக்குக் கடையில் பேச்சு நின்ற அந்த நேரத்தைப் பற்றிச் சொன்னேன். கடலில் வைத்து அப்படி வந்தால் பக்கத்துப் படகைக் கூப்பிடவும் வாய் வராது என்றேன். எண் சரியான இடத்தில் இருந்தால் சின்னக் காயம் அழுத்திப் பிடிக்க நிற்கும் என்று டொக்டர் எனக்குச் சொன்னதையும் சொன்னேன். அவர் எழுந்தார். மறுபடி உள்ளே போய் டொக்டரிடம் அதையே கேட்டுவிட்டு வந்தார். வரும்போது முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது.

“இண்டைக்குப் பின்னேரம் தொடங்கச் சொன்னவர். ஒரு குளிசை,” என்றார். பிறகு, “நீங்கள் எத்தினை போடுறனீங்கள், அக்கா?”

“ஆறு.”

“நாளுக்கோ?”

“நாளுக்குத்தான்.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். முகத்தில் முதல் முறையாக ஒரு சிரிப்பு வந்தது.

“சும்மா பொய் சொல்லாதேங்கோ, அக்கா,” என்றார்.

எனக்குக் கொஞ்சமும் கோபம் வரவில்லை.